ஐந்துக்கு ஒரு மார்க்

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அப்படி ஓர் ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் இன்சார்ஜ்; எல்லோருக்கும் 'கம்ப்யூட்டர் பொண்ணு'. தனி அறை, அதற்கு மட்டும் ஏசி. கரிசல் தூசி படியக் கூடாது என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வெயில் தாங்காமல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். பில் அடிப்பதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூரில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்பிய சின்ன முதலாளி, சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார். பெரிய கம்பெனிகளைப் போல நமக்கும் தகவல் துறைக்கு ஒரு தலைமை அதிகாரி வேண்டும், அந்த நாற்காலியில் என்னை வைப்பதா வெளியாளைப் போடுவதா என்று அவர் அளந்து சொல்வார் என்றார். ஆபீஸில் ஒவ்வொருவரும் எனக்கு இரண்டு மார்க் போட வேண்டும். என்னிடம் எதிர்பார்ப்பது ஐந்துக்கு எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு. வெளியாள் வந்தால் எனக்கு வேலை இல்லை என்பதையும் சின்ன முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்க் போடுவதற்கு முந்தின நாள் கடம்பூர் போளி வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். லஞ்சம்தான், வேறென்ன? குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகையின் ஃபோர்மேன் அண்ணாச்சி மட்டும் இரண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சின்ன முதலாளியின் அப்பாவான பெரிய முதலாளி முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து ஆலோசகர் மார்க்கை வாசித்தார். எதிர்பார்ப்பு ஒன்று, கிடைத்தது மூன்று. எதிர்பார்ப்பு ஒன்று, கிடைத்தது நான்கு. ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒருவர்தான் குறுக்கே நின்றார். எதிர்பார்ப்பு ஐந்து, கிடைத்தது ஒன்று.

"நாந்தான் போட்டேன்" என்று கையைத் தூக்கினார் ஃபோர்மேன் அண்ணாச்சி. இரண்டு போளி தின்ற வாய்!

பிறகு ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மார்க்கைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். இவங்ககிட்ட இங்க யாருமே எதையும் எதிர்பார்க்கல. அதனாலதான் கிடைச்சது கூடுதலாத் தெரியுது. வெளியிலிருந்து ஆள் போடுறதுதான் நல்லது."

வேலை போவதைவிட, இத்தனை வருஷம் யாருக்கும் நான் தேவைப்படவில்லை என்பதுதான் தாங்கவில்லை. அந்தக் கோபம் முழுவதும் அண்ணாச்சி மேல் திரும்பியது.

"நான் உங்களுக்கு என்ன செய்யல அண்ணாச்சி? ஒரு மார்க் போட்டிருக்கீங்க!"

"மழை வருமான்னு ஒரு நாளாவது சொன்னியா? உள்ள உக்காந்து உலகத்தையே பாக்கலாம்னு சொல்லுதாவ. முக்கின குச்சியெல்லாம் வெளிய காயுது. இந்தப் பிள்ளை நமக்கு முன்கூட்டியே சொல்லும்னு ரெண்டு வருசமா பாத்துக்கிட்டே இருக்கேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"அந்த ரூமுக்குள்ள வந்து கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். பெரிய முதலாளி சிரிக்கவில்லை. "ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலேன்னா அது அந்தப் பிள்ளை குத்தமா, நம்ம குத்தமா? வெளியாளு வந்தாலும் நீங்க பில்லுதான் அடிக்கச் சொல்வீய. இவளே இருக்கட்டும். நாளையிலருந்து ஆளுக்கொண்ணு கேளுங்க."

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் ஃபோர்மேன் அண்ணாச்சிதான். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று, "இன்னைக்கு மழை உண்டா?" என்றார்.

அது ஐப்பசி மாதம். சுற்றுவட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் எல்லாம் மழைக்கு ஏங்க, நாங்கள் மட்டும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த நேரம். டயல்அப் இணைப்பு கிடைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. மேகப்படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானத்துக்கு மேல வரும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் நேரே கொட்டகைக்குப் போனார். உச்சிவேளைக்கு முன்பே, காய்ந்துகொண்டிருந்த குச்சிகளையெல்லாம் ஆள் விட்டு உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டார்.

பொழுது சாயும் வரை சொட்டுத் தண்ணீர் விழவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. குச்சிக்கு ஒரு நாள் காய்ச்சல் வீணாய்ப் போயிற்று என்று அண்ணாச்சி என் அறைக்குள் வந்து, கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ, செருப்புக்காலோடு நின்று கத்தினார். "உன்னை நம்பித்தானே எடுத்தேன்! உன்னை நம்பித்தானே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் அன்று வாங்கிய திட்டு மாதிரி இனிக்கவில்லை.