கார்டு மாறிய விஜயதசமி

தி.நகரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் பத்து மெஷின்கள். ஒன்றிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றும் தன் நெட்வொர்க் கார்டின் நம்பரைச் சொல்லி, ‘நான் யார், எதை ஏற்றிக்கொண்டு எழுந்திருப்பது?’ என்று கேட்கும். உள்ளறையில் இருக்கும் சர்வர் ஒரு பட்டியலில் அந்த நம்பரைத் தேடி, அதற்கான முகவரியையும் ஃபைலையும் அனுப்பும். ஐந்து கலர் மானிட்டர், ஐந்து கறுப்பு வெள்ளை. இரண்டுக்கும் வேறு வேறு ஃபைல். பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து மேனுவலைப் படித்து இது புரிந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளிக்குள் வேலையை நிரந்தரமாக்குவதாக மானேஜர் சொல்லியிருந்தார். வீட்டிலும் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று காலை, கூட வேலை பார்த்த நண்பனும் நானும் மெஷின்களைத் திறந்து தூசி தட்டினோம். கார்டுகளையும் கழற்றலாம் என்றது நான்தான். தாம்பாளத்தில் குவித்துத் துடைத்து, கைக்கு வந்ததைச் செருகினோம்.

“எது எதுல இருந்துச்சுன்னு எழுதிக்கினியா மச்சி?” என்று கேட்டான்.

“எல்லாம் ஒரே கம்பெனி கார்டுடா, போடு.”

மேனுவலைக் கரைத்துக் குடித்தவன் சொன்ன பதில் இது.

சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. ஒருமுறை போட்டுப் பார்க்கட்டுமா என்று மானேஜரிடம் கேட்டேன்.

“பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குத்தான்.”

மறுநாள் விஜயதசமி. புது பேட்ச் சேரும் நாள். பெற்றோர்கள் பழத்தட்டோடு நின்றார்கள். மானேஜர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டு வந்தார். பத்தில் ஆறு திரைகளில் ஒன்றுமே வரவில்லை. “நல்ல நாளும் அதுவுமா...” என்று ஒரு அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

“சார், கார்டு மாறிடுச்சு. சர்வர் கார்டைத்தான் பார்க்கும், மெஷினைப் பார்க்காது. கலர் மெஷினுக்குக் கறுப்பு வெள்ளை ஃபைல் போகுது. பட்டியலைத் திருத்தினா...”

“யாரைக் கேட்டுண்டு கழட்டினே?”

“தூசியா இருந்தது சார். ஒரு மணி நேரம் குடுங்க...” என்று கீபோர்டில் கை வைத்தேன்.

“கையை எடு. சாவியைக் குடு. இனிமே நீ இங்க வர வேண்டாம்.”

என்ன கோளாறு என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறையிலிருந்துதான் படி இறங்கினேன். தெரிந்ததால் என்ன?

சாயங்காலம் நண்பன் வீட்டுக்கு வந்தான்.

“நீ சொன்ன மாதிரியேதான் மச்சி. வெளியேருந்து ஒரு இன்ஜினியரு வந்து பட்டியலத் திருத்துனாரு, அல்லாம் எழுந்துகிச்சு.”

“சார் என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

அவன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான்.

“நாளைக்குப் புது ஆளு வரான். அந்தப் பட்டியல நான்தான் அவனுக்குச் சொல்லித் தரணுமாம். எனக்கு இன்னா தெரியும்? நீ கொஞ்சம் எழுதிக் குடேன்.”

எழுத உட்கார்ந்தேன். இன்னும் எதுவும் தெரியாத அம்மா, காபியை வைத்துவிட்டு, “லீவு நாள்லயும் ஆபீஸ் வேலையா?” என்று பெருமையாகக் கேட்டாள்.