பச்சை விளக்கு தானாக எரிந்த நாள்

என் அப்பா, நான் கூப்பிடும் அத்தா, ஷார்ஜாவில் வேலை பார்த்த வருஷங்களில் அவர் எங்கள் காரைக்குடி வீட்டுக்கு வந்ததைவிட, வீட்டிலிருந்த கம்ப்யூட்டருக்கு வந்ததுதான் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் திரைக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் உட்கார்ந்திருப்போம். அவர் முகம் வரும், வந்ததும் கட்டம் கட்டமாக உடையும். ஒருநாள் வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் மாமா அந்த வேலையைச் செய்தார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாச்சியாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். நெட் வேகத்தை இரண்டு மடங்காக்கும் சாஃப்ட்வேர் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ இறக்கிப் போட்டார். போடும்போது, இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று கம்ப்யூட்டரே தடுத்தது. “எல்லாத்துக்கும் இப்படித்தான் பயமுறுத்தும்” என்று சொல்லி, அந்தக் காவலையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டு முடித்தார். எனக்கு அவர் பெரிய வீரராகத் தெரிந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தாவின் முகம் முன்பைவிடச் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. யாரும் கேட்காத விளம்பரங்கள் திரையில் வந்து குதித்தன. அதற்கடுத்த நாட்களில் அம்மாவின் மெயிலிலிருந்து, அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் ஏதோ லிங்க் போயிருந்தது. அத்தா போனில் கேட்டார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. மாமா வந்து, “நான் எடுத்துட்டேன்க்கா, இனிமே ஒண்ணும் வராது” என்று அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பிறகு ஒருநாள் பகலில், பள்ளிக்கூடம் லீவு. அம்மா குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்து நிமிர்ந்தேன். திரையின் மேல் மாட்டியிருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தாவோடு பேசும்போது மட்டும் எரியும் விளக்கு அது.

அம்மா ஒரே இழுப்பில் கேமராவின் ஒயரைப் பிடுங்கினார். கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துக் கம்ப்யூட்டர் முழுவதையும் மூடினார். பிறகு தன் தலையையும் மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.  கடுகளவு விளக்கைக் கண்டு இவ்வளவு பெரிய மனுஷி பயப்படுகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மாமா மத்தியானம் வந்தபோது அம்மா சோறு போடவில்லை, விளக்கு எரிந்ததைத்தான் சொன்னார்.

“லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்க்கா. நான்தான் அதை எடுத்துட்டேனே.”

“நீ எடுத்துட்டே. அது போயிருச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

மாமா கம்ப்யூட்டரிடம் போனார். முதலில் நெட் ஒயரைக் கழற்றினார். அப்படியே கல்லூரிக்குத் திரும்பிப் போய், வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, முகம் சுண்டிப்போய் வந்தார். நீக்கினால் மட்டும் போதாதாம். உள்ளே வேறு என்னென்ன இறங்கி ஒளிந்திருக்கிறது என்று சொல்ல முடியாதாம். போட்டோ, வீடியோ மட்டும் சிடியில் ஏற்றிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து போட வேண்டும். அதற்கு முன்னால், நோவில்லாத வேறு கம்ப்யூட்டரில் போய்ப் பாஸ்வேர்டையெல்லாம் மாற்றிவிட வேண்டும்.

அம்மா உடனே என்னைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போய், டீச்சரைக் கொண்டே அவர்கள் கம்ப்யூட்டரில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்ற வைத்தார். அத்தாவுக்குப் போன் போட்டு, பேங்க் பாஸ்வேர்டை அங்கிருந்தே மாற்றச் சொன்னார். அதன்பின் போனோடு அடுப்படிக்குள் போய் நின்று, வெகுநேரம் அவரிடம் தணிந்த குரலில் பேசினார்.

“கடையில குடுத்துருவோம்க்கா. அவங்களே காப்பி எடுத்துக் குடுத்துருவாங்க” என்றார் மாமா.

“கடைக்கு வேணாம்.”

“அப்ப நான் எடுக்குறேன்.”

“நீயும் வேணாம். எனக்குச் சொல்லிக் குடு, நான் எடுத்துக்கிறேன்.”

மாமா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.  மாமா நாற்காலியைத் தூக்கி அறையின் மூலையில் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“துப்பட்டிய எடுங்க. ஆன் பண்ணுங்க. இடது பக்கம் மஞ்சளா ஒரு ஃபோல்டர் இருக்கும், பாத்தீகளா?”

அத்தாவிடமிருந்து வரும் அழைப்பை எடுத்துப் பேச மட்டுமே அம்மாவுக்கு அதுவரை தெரியும். மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். மாமா சுவரிடம் சொல்லச் சொல்ல, அத்தா லீவில் வந்தபோது எடுத்து வைத்தவற்றை அம்மா ஒவ்வொன்றாகத் திறந்தார். எனக்குத் திரை தெரியாதபடி அவர் உட்கார்ந்திருந்தார். சிலதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ஒன்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி எடுக்காமலே விட்டார்.

நடுவில் எங்கேயோ சிக்கிக்கொண்டு அம்மா உச்சுக்கொட்டினார்.

“திரும்பட்டுமாக்கா?”

“வேணாம் தம்பி. நீ சொல்லு.”

எங்கள் வகுப்பில் தப்பு செய்தவர்களைத்தான் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். மாமாவுக்கு அம்மா கொடுத்த தண்டனை இது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அம்மா ஊற்றிக் கொடுத்த டீயை நான் கொண்டுபோய் நீட்டியபோதும் அவர் திரும்பாமலே வாங்கிக் குடித்தார். பாவமாக இருந்தது. நானும் போய், அவர் காலடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

“ஒங்கள எப்ப மாமா விடுவாக?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அம்மா சொல்றப்ப” என்றார்.

அம்மா ஒருவழியாக முடித்து, சிடியை முந்தானையில் துடைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். “திரும்பிக்கடா” என்றார். மாமா எழுந்து வந்து மிச்சத்தை அழிக்கத் தொடங்கினார். நான் பெயின்ட்டில் வரைந்த படங்களும் போயின. அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை.

மாலையில் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் அத்தா போன் செய்தார். அம்மா தொழுதுகொண்டிருந்ததால் நான் எடுத்தேன். மாமாவுக்காகப் பேசுவதற்கு வேறு ஆள் இல்லையென்று எனக்குத் தோன்றியது.

“அத்தா, மாமா பாவம். போட்டோவெல்லாம் காப்பி எடுத்து முடிக்கிற வரைக்கும் அம்மா அவுகளைச் சுவரைப் பாத்தே உக்கார வச்சுட்டாக. ஒரு தடவகூட திரும்ப விடல. நீங்களாவது அம்மாகிட்டச் சொல்லுங்க.”

அத்தா பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். அம்மா தொழுதுவிட்டு எழுந்து வந்தார். “கட்டாயிருச்சும்மா” என்று போனை நீட்டினேன்.

அம்மா வாங்கிக் காதில் வைத்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் போனைக் கீழே வைக்கவும் இல்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுகொண்டிருந்தார். கட்டாகிப்போன போனை ஒருவர் எதற்காக இவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.