வேலாத்தாளுக்கு ஒரு மந்திரவாதி

நகக்கண்களில் நீலம் ஏறிய இரண்டு கைகள், சாய நிறங்களைக் காட்டும் பழைய ஷேடு கார்டு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தன. இடது கை ஸ்கேலை அழுத்திப் பிடிக்க, வலது கை பென்சிலை ஒரே சீராக இழுத்தது. பெயருக்கு ஒரு கட்டம், உயிர்ப்புள்ளிக்கு ஒரு கட்டம், மந்திரங்களுக்கு மூன்று. தீ மந்திரத்தின் கட்டத்துக்கு வந்ததும் கை தயங்காமல் ‘2 சதவீதம்’ என்று எழுதியது. எழுதி முடித்து, ரப்பர் துகளை ஊதித் தள்ளியது.

கைகளுக்குச் சொந்தக்காரர் நஸ்ருதீன். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை. 1993இல் அவருக்கு முப்பத்தாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு பீக்கர் கழுவுகிற ஆளாகச் சேர்ந்தவர். சாய மாஸ்டர்கள் அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கழுவ வரும் பீக்கரில் ஒட்டியிருந்த நிறத்தையும், தராசுத் தட்டில் மிஞ்சிய பொடியையும் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே கற்றுக்கொண்டார். பதினான்கு நோட்டுகள் ஆயின. துணி வாங்கும் எந்த பையர் எந்தத் துணித்துண்டை அனுப்பினாலும் அதன் நிறத்தை மூன்றாவது முயற்சிக்குள் பிடித்துவிடுவார்.

ஆனால் அந்த வேலையில் எல்லாமே அடுத்தவர் அனுப்பிய துண்டோடு ஒத்துப்போக வேண்டியவை. துண்டு இல்லாமல் அவராகச் செய்தது மந்திரவாதிகளை மட்டும்தான்.

அந்த விளையாட்டு ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. துணியின் தரம் பார்க்க வந்த ஹாலந்துக்காரர் ஒருவர், திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த ராசப்பனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஒரு ஆங்கிலப் புத்தகமும் இருபது முகம் வரைக்கும் உள்ள பகடைகளும் இருந்தன. ராசப்பன் படித்துப் புரிந்துகொண்டார். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நுழைந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கம்பெனியின் கட்டிங் டேபிள் மேல் ஆட்டம் நடந்தது.

புத்தகத்தில் இருந்த மந்திரவாதிகள் நஸ்ருதீனுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் தாடி வைத்து ஒரே சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருந்தார்கள். அவரே செய்யத் தொடங்கினார். வெயிலில் ஒரு மந்திரமும் டியூப்லைட் வெளிச்சத்தில் வேறொரு மந்திரமும் பலிக்கிற ஒருவன். மூன்று முறை மழையில் நனைந்தால் சக்தி வெளுத்துப் போகிற இன்னொருவன். நிட்டிங் மெஷின் ஃபிட்டர் வெள்ளியங்கிரி அந்த வெளுத்துப்போகிறவனை இரண்டு வருடம் குடையோடு நடத்திக்கொண்டு போனார்.

நான்காவது ஆளாக ஆடிக்கொண்டிருந்த ஆறுச்சாமி மூலனூருக்கே திரும்பிப் போய் முருங்கைக்காய் வியாபாரத்தில் இறங்கியதும் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது.

“ரெண்டு பேருக்குக் கதை சொன்னா அது பஸ்ஸுல பேசிட்டுப் போற மாதிரி இருக்குதுங்க பாய்,” என்றார் ராசப்பன். “அடுத்த மாசம் ஹாலந்துக்காரர் வர்றாரு. ஆள் கெடைக்கலீன்னா பெட்டியக் கட்டி அவருகிட்டயே குடுத்தர்லாம்.”

அப்போதுதான் பக்கத்து மேஜையிலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க, அந்தக் கொடைக்காரனுக்குப் போன மாசமே ஒரு கண்ணு போச்சுன்னீங்க. இன்னைக்கு ரெண்டு கண்ணுலயும் பாக்கறானுங்களே?”

வேலாத்தாள். செக்கிங் செக்‌ஷனில் இருபது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சப் பீஸ்களைப் பார்த்து முடிக்க வருவார். பனியனைத் திருப்பி, தையலை நீவி, ஓட்டை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே, மாதக்கணக்காக அவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அக்கா, நீங்களே வந்து உக்காருங்க,” என்றார் வெள்ளியங்கிரி.

“எனக்குத் தாடி வெச்சவன் ஆகாதுங்க.”

“தாடி இல்லாம ஒருத்தர நான் செஞ்சு தர்றேனுங்க,” என்றார் நஸ்ருதீன்.

சனிக்கிழமை லேபில் உட்கார்ந்து அவர் கோடு போட்டுக்கொண்டிருந்த ஷேடு கார்டு அட்டை அதுதான்.

மறுநாள் ராசப்பனின் கதையில் ஒரு குகை வந்தது. அதற்குள் தீ கக்கும் டிராகன் படுத்திருந்தது. மூன்று மாதம் இழுக்கலாம் என்று அவர் யோசித்து வைத்திருந்த டிராகன். வேலாத்தாள் பகடையை உருட்டினார். மந்திரம் பலித்தது. அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ரெண்டு சதவீதமுன்னு எழுதியிருக்குது. எதுலங்க?”

நஸ்ருதீன் அட்டையை எட்டிப் பார்த்தார். சாயக் கணக்கில் எல்லாமே துணியின் எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் வரும். நூறு கிலோ துணிக்கு இரண்டு சதவீதம் என்றால் இரண்டு கிலோ சாயம். வாரத்தில் ஆறு நாள் அதையே எழுதும் கை இங்கேயும் எழுதிவிட்டது.

“எடையிலங்க,” என்றார், வேறு வழியில்லாமல்.

“டிராகன் எத்தனை எடைங்க?”

“நாலு டன்னு,” என்றார் ராசப்பன். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாலாயிரம் கிலோவில் இரண்டு சதவீதம் எண்பது; கிலோவுக்கு ஒரு புள்ளி என்றால் அடி எண்பது புள்ளி. டிராகனுக்கு இருந்ததோ அறுபது உயிர்ப்புள்ளி.

மூன்று மாதத்துக்கான டிராகன் கால் மணி நேரத்தில் செத்துக் கிடந்தது. குகையின் மூலையிலிருந்து ஒரு எலி ஓடி வந்தது. அரைக் கிலோ எலி. அதில் இரண்டு சதவீதம் பகடைக்கே எட்டாத கணக்கு. வேலாத்தாளின் மந்திரவாதி ஒன்பது முறை தீ விட்டும் எலியின் மீசைகூடப் பொசுங்கவில்லை. பத்தாவது முறை எலி அவனைக் கடித்துக் கொன்றது.

வெள்ளியங்கிரி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். “பாய், பூனை ஒண்ணு கூடவே அனுப்பியிருக்கலாமுங்க.”

வேலாத்தாள் சிரிக்கவில்லை. சிவப்பு அம்புக்குறி ஒன்றைக் கிழித்து, ‘சதவீதம்’ என்ற இடத்தில் ஒட்டி, அட்டையை நஸ்ருதீன் பக்கம் தள்ளினார்.

“டேமேஜுங்க தம்பி. அடுத்த வாரம் ஒருக்கா வர்றேன். அதுலயும் ஓட்டை இருந்துச்சுன்னா என்னைய விட்டுருங்க. ஊட்டுல வேலை கெடக்குது.”

ராசப்பன் பகடைகளைப் பெட்டியில் போட்டு மூடினார்.

திங்கள்கிழமையே நஸ்ருதீன் அதைத் திருத்தினார். சதவீதத்தை அடித்துவிட்டு, ஒரு தீக்கு எட்டுப் புள்ளி என்று வைத்தார். டிராகனுக்கும் எட்டு, எலிக்கும் எட்டு. ஓட்டை இல்லை. ஆனால் அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க, அது புத்தகத்தில் இருந்தவர்களில் ஒருவனாகத் தெரிந்தது. தாடி மட்டும்தான் இல்லை. அதை மேஜை டிராயரில் போட்டார்.

வியாழக்கிழமை பட்டறையில் ஒரு லாட் துணி கெட்டது. மழையில் நனைந்து வந்த துணியை அப்படியே எடை போட்டுச் சாயம் கலந்திருந்தார்கள். ஈரத்தின் எடைக்கும் சேர்த்துச் சாயம் விழுந்ததால் நிறம் அடர்ந்துபோய், ஒட்டாத சாயம் தண்ணீரில் கசிந்துகொண்டே இருந்தது. அலசிக்கொண்டிருந்தவரின் முழங்கை வரைக்கும் மெரூன் ஏறியிருந்தது. நஸ்ருதீன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிழை சதவீதத்தில் இல்லை. எடை என்னவென்று யார் சொல்வது என்பதை அவர் எழுதாமல் விட்டதுதான் பிழை.

வேலாத்தாளைப் பற்றி கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. பனியன் கட்டு ஒன்றைக் கையில் தூக்கியதுமே உள்ளே எத்தனை பீஸ் என்று சொல்லிவிடுவார். எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும்.

வெள்ளிக்கிழமை நஸ்ருதீன் புது அட்டை எடுத்தார். இந்த முறை ஒரு மந்திரக்காரி. எதிரியின் எடையை அவளே சொல்ல வேண்டும். ராசப்பன் சொல்லும் அடையாளங்களை வைத்து, காலடி மண்ணில் எவ்வளவு பதிந்தது, கிளை எவ்வளவு வளைந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மந்திரம் முழுதாகப் பலிக்கும். குறைத்துச் சொன்னால் வெளுத்துப் போகும். கூட்டிச் சொன்னால் மிஞ்சியது அவள் கையிலேயே கறையாக ஏறும்; அந்தக் கறை போகும்வரை அடுத்த மந்திரம் கிடையாது.

இரண்டு சதவீதத்தை அரை சதவீதமாகக் குறைத்தார். சனிக்கிழமை முழுக்க, பீக்கர்கள் கொதிக்கிற இடைவெளியில், ராசப்பனிடம் கேட்டு வாங்கி வந்த பகடையை உருட்டிச் சோதித்து நோட்டில் குறித்தார். நூற்றுப்பத்து முறை. டிராகனுக்கு மூன்று மந்திரம் தேவைப்பட்டது. கறை ஏறாமல் மூன்று முறை சரியாகச் சொல்வது சுலபமில்லை. எலியிடம்தான் இன்னும் இடித்தது. நிறைய யோசித்துக் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: ‘சின்னவை கூட்டமாக வந்தால் ஒரே கட்டாக நிறுக்கலாம்; புள்ளி ஒன்றுக்குக் குறையாது. தனியாக வந்தால் மந்திரம் இல்லை.’

ஞாயிற்றுக்கிழமை வேலாத்தாள் பர்ஸை மடியிலேயே வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நஸ்ருதீன் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கி, முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். ஸ்டிக்கர் சுருள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“ஒத்தை எலி வந்தா என்னங்க பண்றது?”

“வெளக்குமாறுதானுங்க அக்கா.”

“எடையக் கேட்டா ராசப்பன் சொல்லுவாருங்களா?”

“சொல்ல மாட்டாருங்க. நீங்கதான் சொல்லோணும்.”

வேலாத்தாள் இன்னொரு முறை கடைசிக் கட்டத்தைப் படித்தார். பிறகு அட்டையைத் தன் முன்னால் மேஜையில் நேராக வைத்துக்கொண்டு, பகடைக்குக் கையை நீட்டினார்.