குணசேகரத்தாரின் விரதக்கார நாய்

"கா… கா… கா…" என்று மூன்று தடவை கூப்பிடுவார். நாலாவது தடவை கிடையாது. குசினியின் பின்கதவுக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மதில். அதில் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்து, இரண்டடி பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மலைச்சரிவிலிருந்து கறுப்புப் பறவை ஒன்று இறங்கி முதல் வாய் எடுத்த பிறகே உள்ளே போய்த் தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடுவார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குணசேகரத்தின் ஒழுங்கு இது. காகம் பத்து மணிக்கு வந்தால் பத்து மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு வந்தால் மூன்று மணிக்கு.

அந்தப் பறவையின் உடம்பு கறுப்பு, சொண்டு மஞ்சள், கால் சிவப்பு. கூடவே கோப்பை கழுவும் சிவநேசனுக்கு இதில் ஓயாத சிரிப்பு.

"அண்ணை, உது காகமே இல்லை. உதுக்குச் சனீஸ்வரனைத் தெரியாது."

"நிறம் கறுப்புத்தானே. இஞ்ச கிடைக்கிறதைக் கொண்டுதான் செய்யலாம்."

"தமிழிலை கூப்பிட்டால் விளங்குமோ?"

"நீ ஜெர்மனிலை கூப்பிட்டுப் பார், வருதோ எண்டு."

எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில், ரயில் நிலையத்துக்கு நேர் மேலே, முப்பத்திரண்டு அறைகள் கொண்ட ஓட்டல் அது. கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடையில் பூட்டிக் கிடக்கும். 1986 இலையுதிர்காலத்தில் அங்கே மிஞ்சியிருந்தவர்கள் நான்கு பேர்: ஓட்டல்காரி, அவளுடைய நாய், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வேறெங்கும் போக வழியில்லாத இரண்டு தமிழர்கள். நாயையும் ஓர் ஆளாக எண்ணியது குணசேகரம்தான். அதற்கும் சாப்பாடு சமைக்க வேண்டியிருந்ததே காரணம்.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது, எடை ஐம்பத்தெட்டு கிலோ. ஊரில் பதினான்கு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுவையில் நின்றவர். ஒரு மூட்டையைப் பார்த்தே கிலோக்கணக்கு சொல்லுவார். சொல்லிவிட்டுத் தானே அதை நம்பமாட்டார். "நிறுத்துப் பாத்திட்டுக் கதைப்பம்" என்பது அவருடைய வாய்ப்பாடு. வானிலை பற்றிக் கேட்டாலும், விண்ணப்பம் பற்றிக் கேட்டாலும், சிவநேசனுக்கு ஊரில் பேசிவைத்திருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டாலும் அதுவே பதில். இடது காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். மீசை கத்திரியால் வெட்டியது போல நேராக இருக்கும். குசினியின் கரண்டிகளை நீளப்படி மாட்டி வைப்பார்.

நாயின் பெயர் ரீக்கோ. காது தொங்கும் வேட்டைநாய், வயது ஆறு. ஓட்டல்காரியின் கணவர் மாசியில் இறந்துபோன பிறகு அது சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. கோப்பையை முகர்ந்து பார்க்கும். தலையைத் திருப்பிக்கொண்டு போய் வாசல் மிதியடியில் படுத்துவிடும். தகரத்தில் வரும் நாய்ச்சாப்பாடு, பால்கட்டி, ஈரல், எதுவும் செல்லவில்லை. விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம். பதினெட்டு கிலோ இருக்க வேண்டிய நாய்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி மிருக வைத்தியர் வந்தார். இரத்தத்தில் நோயில்லை, வயிற்றிலும் நோயில்லை, சாப்பிடாததுதான் நோய் என்றார். இறந்தவருடைய தம்பி யாக்கோப் கூட நின்றான். வேட்டைக்காரன், எத்தனையோ நாய்களை வளர்த்துப் பார்த்தவன். இதைப் பனிக்காலத்துக்குள் தள்ளுவது கொடுமை, ஊசி போட்டு முடித்து விடுங்கள் என்றான். கணவரின் மேலங்கியை ஓட்டல்காரி இன்னும் குசினி ஆணியிலிருந்து எடுக்கவில்லை. வைத்தியர் ஒரு தவணை கொடுத்தார். அக்டோபர் பதினோராம் தேதி சனிக்கிழமை வருவேன். அன்று நாய் பதினைந்து கிலோ நிற்க வேண்டும், என் கண்முன்னே தானாகச் சாப்பிடவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றைக்கே ஊசி என்றார்.

உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில்தான் நாயை நிறுத்தார்கள். குணசேகரம் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு தனியே ஏறினார். பதின்மூன்று கிலோ நானூறு கிராம். இறங்கும்போது, தனக்குத் தெரிந்த குசினி ஜெர்மனில், "ஷெஃபின், நான் சமைக்கிறேன்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று சிவநேசன் பிறகு கேட்டான்.

"தராசிலை ஏறேக்கை கையுக்கை ஒண்டுமே இல்லாத மாதிரி இருந்தது" என்றார் குணசேகரம்.

முதல் சமையல் கோழி. எண்ணெய் விட்டு, வெங்காயம் வதக்கி, நாலு பல்லு உள்ளி தட்டிப் போட்டு, கறிவேப்பிலைக்குப் பதிலாக எதையோ கிள்ளிப் போட்டு, மனிதர் விரலைச் சூப்பும்படி வைத்தார். ரீக்கோ இரண்டு வாய் தின்றது. ஓட்டல்காரி சந்தோஷம் தாங்காமல் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் வைத்தியர் சத்தம் போட்டது அடுப்படிவரை கேட்டது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், உப்பும் கூடாது. ஒன்றும் போடாமல் சோறு, கொழுப்போடு அரைத்த மாட்டிறைச்சி, கரட், ஒரு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய்.

குணசேகரம் மிச்ச வெங்காயத்தைக் கூடையில் திரும்பப் போட்டார்.

"வெங்காயம் உள்ளி இல்லாமல் எண்டால், அப்ப உந்த நாய்க்கு ஒவ்வொரு நாளும் விரதமோ?"

"மாட்டிறைச்சி தின்னுற விரதக்காரன், அண்ணை" என்றான் சிவநேசன். அன்றிலிருந்து ரீக்கோவுக்கு விரதக்காரன் என்று பெயர்.

மாட்டிறைச்சிதான் சிக்கல். பிறந்ததிலிருந்து அது அவர் வாயில் பட்டதில்லை. ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த நாளில், கழுவுவேன், ஆனால் தின்னமாட்டேன் என்று சைகையால் சொல்லி வைத்தவர். நாய்க்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கி, கைபிடியில் சிவப்பு நூல் கட்டினார். இறைச்சியைக் கையால் தொடாமல் நீளக் கரண்டியால் கிண்டுவார். முந்நூறு கிராம் சோறு, நானூறு இறைச்சி, எண்பது கரட். ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கும். சோற்றைக் குழைய வேகவைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறி, கை பொறுக்கும் சூட்டில் வைப்பார். பிறகு முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்.

"கொஞ்சம் ருசி பாருங்கோவன் அண்ணை, உப்புப் புளி தெரியவேணுமெல்லே."

"உப்புமில்லை, புளியுமில்லை. என்னத்தை ருசி பாக்கிறது? போய் உன்ரை வேலையைப் பார்."

ரீக்கோ முகர்ந்தது, தலையைத் திருப்பிக்கொண்டு போனது. உயிர் பிடிக்க ஒன்றிரண்டு வாய் தின்றதைத் தவிர, பத்து நாள் இப்படியே நடந்தது. தராசு நூறு கிராம் குறைத்துக் காட்டியது.

செப்டம்பர் இருபது, முதல் புரட்டாசிச் சனி. காகத்துக்கு வைத்த பிடிச்சோற்றின் அருகே மஞ்சள் சொண்டுக்காரர் இறங்கி ஒரு வாய் எடுத்ததுதான் தாமதம். மிதியடியில் கிடந்த ரீக்கோ எழுந்து வந்தது, முன்கால் இரண்டையும் மதிலில் வைத்தது, பறவையைத் துரத்தியது, மிச்சச் சோற்றை நக்கித் துடைத்தது. குணசேகரம் தன் சாப்பாட்டை மறந்து நின்றார். மறுநாள் ஞாயிறு. சிவப்பு நூல் சட்டியின் சோற்றை அதே மதிலில் வைத்து மூன்று தடவை கூப்பிட்டார். பறவை ஒரு வாய், நாய் முழுவதும்.

அதற்குப் பிறகு கோப்பை வெறும் அலங்காரம். காலையும் மாலையும் மதில்தான். இதை அவர் ஓட்டல்காரிக்குச் சொல்லவில்லை. "சாப்பிடுது, ஷெஃபின்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வயதுவந்த ஒரு மனிதன் வாசலில் நின்று காகம்போலக் கரைவதை எந்த ஜெர்மனில் விளக்குவது? அவள் எதிர்ப்பக்கத்து அறையில் இருந்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று எண்ணிக்கொண்டார்.

இருபத்தேழாம் தேதி பதின்மூன்று தொள்ளாயிரம். அக்டோபர் நாலு, பதினாலு அறுநூறு. "வயிறு வைச்சிட்டுது அண்ணை, இனிப் பயமில்லை" என்று சிவநேசன் சொன்னபோது, "நிறுத்துப் பாத்திட்டுக் கதைப்பம்" என்றார். ஆனால் அன்று மாலை சட்டியில் ஐம்பது கிராம் இறைச்சி கூடுதலாக விழுந்தது.

பதினோராம் தேதி கடைசிப் புரட்டாசிச் சனி. விடியவே மூடுபனி. காகச்சோறு எட்டு மணியிலிருந்து மதிலின் ஓரத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது; எதுவும் இறங்கவில்லை. குணசேகரமும் சாப்பிடவில்லை. பதினொன்றரைக்கு வைத்தியரின் வண்டி வந்தது. பின்னாலேயே யாக்கோப்பும் வந்தான். தராசு பதினைந்து கிலோ இருநூறு காட்டியது. ஓட்டல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லது, இனிச் சாப்பாட்டைக் காட்டுங்கள் என்றார் வைத்தியர்.

முதல் நாளே சமைத்து வைத்திருந்ததைச் சுடவைத்துக் கோப்பையில் போட்டார்கள். ரீக்கோ முகர்ந்தது, தலையைத் திருப்பிக்கொண்டு போனது. யாக்கோப் மெல்லிய குரலில் தன் அண்ணிக்கு ஏதோ சொன்னான். அவள் சுவரைப் பார்த்தாள்.

குணசேகரம் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். மதிலில் சோற்றைக் கவிழ்த்தார். ஒரு கணம் தயங்கினார், காது சிவந்துவிட்டது. பிறகு மலையைப் பார்த்து, "கா… கா… கா…" என்றார். யாக்கோப் வைத்தியரைப் பார்த்தான். மூடுபனி அசையவில்லை. புதிய ஆட்கள் நின்றார்கள். எந்தப் பறவை வரும்? நாய் கதவருகில் உட்கார்ந்து மதிலை மட்டும் பார்த்தது. அவர் முதல்முறையாக நாலாவது தடவையும் கூப்பிட்டார். ஐந்தாவது தடவையும் கூப்பிட்டார்.

வைத்தியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவசரமில்லாமல் பையைத் தரையில் வைத்து, வாரைக் கழற்றினார். உள்ளே கண்ணாடிக் குப்பி ஒன்று எதிலோ தட்டிச் சத்தம் கேட்டது.

"அண்ணை, வாங்கோ உள்ளுக்கு. எங்களாலை ஏலுமானதைச் செய்தாச்சு" என்றான் சிவநேசன், கதவுக்குள் நின்றபடி.

குணசேகரம் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மதிலோடு ஒட்டி நின்று, இடுப்பை மடித்துக் குனிந்து, இறைச்சி குழைத்த சோற்றில் வாயால் ஒரு கொத்துக் கொத்தினார்.

கதவருகில் நகங்கள் கல்லில் உரசின. முன்கால் இரண்டும் மதிலில் ஏறின. அவர் காதருகில் ஒரு நாக்கு சோற்றை நக்கும் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. வாயில் இருந்ததை விழுங்கி, இரண்டாவது கொத்தும் எடுத்துவிட்டு, நாய்க்கு இடம் விட்டு ஒரு சாண் அப்பால் தலையைத் தள்ளிக்கொண்டார்.