முத்தையா அண்ணன் அடித்த எண்

செய்தி குரல் பதிவாக வந்தது. "பாய், முத்தையா அண்ணன் தவறிட்டாரு. டூட்டிக்குக் கெளம்பி ஷூ போடக் குனிஞ்சாரு. அவ்வளவுதான்." பேசியது, அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் அவருடன் ஒரே ரூமில் இருந்த செல்வம். தேராவில் என் பழைய நாணயக் கடையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை கேட்டேன். அழுகை வந்தது. இனி பழம்பொருள் சேகரிக்கும் நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் பேச்சை மறுக்க ஆளில்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் கடைக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டத்தான் அவர் முதலில் வந்தார். ஒர்க்‌ஷாப்பில் வால்வுகளுக்கான தகடுகளில் சுத்தியலால் எண் அடிப்பது அவர் வேலை. என் மேசையில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் கழுத்தில் அணிந்த அடையாளத் தகடுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்து, "இது எந்த பிளான்ட்டு டேக் பாய்?" என்றார். நான் சிரித்தேன். உங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு நானே விளக்கினேன். முட்டை வடிவத் தகடு. நடுவே உடைப்பதற்கான துளைக்கோடு. இரு பாதியிலும் படைப்பிரிவும் எண்ணும் ஒன்றே. ஆள் இறந்தால் மேல்பாதி உடலோடு போகும், கீழ்ப்பாதியை உடைத்துப் பதிவுக்கு அனுப்புவார்கள். பெயர் இருக்காது, அதைப் பட்டியல்களில் தேட வேண்டும். அதற்காகவே நான் ஜெர்மன் படித்தேன்.

அடுத்த மாதமே மூக்கறுபட்டேன். நான் பெருமையாகக் காட்டி வந்த தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், "இது டூப்ளிகேட்டு பாய். மேலயும் கீழயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ஒரு கை ரெண்டு தடவ ஒரே மாதிரி அடிக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு வயிறு எரிந்தது. அதன் பின் நீங்கள் தகடு வாங்கும்போதெல்லாம் முதலில் அவரிடம் நீட்டினீர்கள்; நான் டீயை ஆற்றிக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன்.

உடையாத தகடு கிடைத்தால் அவருக்கு ஏனோ அத்தனை சந்தோஷம். "இவன் முழுசா ஊர் போய்ச் சேந்துட்டான் பாய்" என்பார். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, காணாமல் போனவனாகவும் இருக்கலாம் என்று நான் திருத்துவேன். "இருக்கட்டும் பாய், லீவுக்குப் போனவன்னு வச்சுக்குவோம்" என்பார். எல்லோரும் அவர் பக்கம் சிரிப்பார்கள்.

கண்டுபிடித்த பெயர்களை எண்ணுக்கு நேரே எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று என்னிடம் உண்டு. "அந்த நோட்டக் கொஞ்சம் குடுங்களேன், பாத்துட்டுத் தர்றேன்" என்று மூன்று முறை கேட்டார். என் கையெழுத்து புரியாது என்று மழுப்பினேன். அதையும் அவர் என்னைவிட நன்றாகப் படித்துவிடுவாரோ என்று பயம்.

உடல் ஊருக்குப் போன மறுநாள் செல்வம் கடைக்கு வந்து ஒரு கவரைத் தந்தான். உள்ளே பாதித் தகடு. கேம்ப் எண், அவருடைய லேபர் எண், ரத்த வகை. ஏழு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"அவரே அடிச்சு வச்சுருந்தாரு பாய். சொல்லியிருந்த மாதிரியே உடைச்சு, மேல்பாதிய அவரு சட்டப் பையில வச்சு அனுப்பிட்டேன். பேர் அடிக்கலயா அண்ணேன்னு எப்பவோ கேட்டேன். பேர் எதுக்குடா, பாய்கிட்ட நோட்டு இருக்கு, அவரு எழுதிக்குவாருன்னாரு."

பதிவேட்டைத் திறந்து அந்த எண்ணை எழுதினேன். நேரே முத்தையா என்று எழுதினேன். அந்தப் பாதித் தகடு இனி என்னிடம்தான் இருக்கும். பொறாமையும் போகவில்லை. பெயரை நம்பி விட்டுப்போக அவருக்கு ஓர் ஆளாக நான் இருந்தேன். எனக்கும் அந்த ஆள் அவராகத்தான் இருந்திருப்பார், நோட்டைக் கொடுத்திருந்தால்.