ஒளிப்பெட்டி அக்கா

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒளிப்பெட்டியைக் கவனித்த அக்காவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். பக்கத்து மேசையில் பொடி நிறுத்துக் கொடுக்கிற எனக்கு, அவள் ஒரே அளவை மூன்று தடவை சரிபார்ப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அம்மா அப்பா போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அந்தப் பயம் வேலையிலும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அவள் வேலை இதுதான். சில மருந்துகள் வெயில் பட்டதும் ஆக்சிஜனைச் சீண்டிவிடும். சீண்டப்பட்ட ஆக்சிஜன் தோலைப் பொசுக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க, மருந்தையும் ஒரு சாயத்தையும் குழித்தட்டில் கலந்து, ஒளிப்பெட்டிக்குள் வெயில் மாதிரியே அடிக்கிற விளக்கின் கீழ் வைப்பாள். இன்னொரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்பாள். விளக்கில் இருந்த தட்டில் மட்டும் சாயம் வெளுத்தால் மருந்து பொல்லாதது. சோதனை ஒழுங்காக நடந்ததற்குச் சாட்சியாகச் சில குழிகளில் கொயினா என்ற மலேரியா மருந்து இருக்கும். அது வெளிச்சத்தில் சாயத்தை வெளுக்காமல் விடாது.

அப்படி ஒரு தோல் களிம்பின் மருந்து அவள் கையில் பாஸானது. கொயினாக் குழியில் சாயம் வெளுத்தது, மருந்துக் குழியில் வெளுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது தம்பியிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. ஒரு பெண் குழந்தைக்கு அப்பா; வீடு வீடாகப் பார்சல் கொண்டு போகிறவன். நாள் முழுக்க வெயிலில் வண்டி. தோல் அரிப்புக்காக அந்தக் களிம்பைப் பூசிப் பார்க்கிற ஆட்களில் அவனும் சேர்ந்திருந்தானாம். காலையில் டியூப் கைக்கு வந்துவிட்டதாம்.

"நல்லதுதானே, அரிப்பு போயிடும்," என்றேன்.

அவள் டப்பாவை மூடிவிட்டாள். "அவன் நாள் பூரா வெயில்ல சுத்துறவன். வா, இன்னொரு தடவை பாத்துடலாம்."

"பாஸான மருந்தைப் போட்டு எதுக்கு நோண்டணும்? உனக்கு வேற வேலையே இல்லையா?"

கேட்டால்தானே. மீதமிருந்த பொடியை இருட்டறைக்குக் கொண்டுபோய், மங்கின விளக்கில் புதிதாகக் கரைத்தாள். கரைசல் நல்ல மஞ்சளாக வந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு நான் தட்டுல விட்டது தண்ணி மாதிரி இருந்துச்சு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று இருட்டறையில் ஏசி ஒழுகியதால் கரைக்கிற வேலையை வெளி அறைக்கு மாற்றியிருந்தோம். மருந்துக் குப்பியை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அவள் விளக்கைச் சூடேற்றப் போனாள். ஜன்னல் திரை ஏறியிருந்தது. அவள் திரும்பி வரும்வரை மருந்து வெயிலில் நின்று, பெட்டிக்குள் போகும் முன்பே நிறம் போய்ச் சிதைந்துபோயிருக்கிறது. சிதைந்த மருந்து எதை வெளுக்கும்? கொயினா வேறு குப்பியில் பத்திரமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான். மறுபடி மறுபடி அவனையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் சாயம் விட்டு, ஒரு தட்டைப் பெட்டியிலும் இன்னொன்றை இருட்டிலும் வைத்தேன். பெட்டியைத் திறந்தபோது மருந்து இருந்த குழிகளெல்லாம் கொயினாவைவிட வெளுத்துக் கிடந்தன. இருட்டில் இருந்த தட்டு போட்டது போட்டபடி இருந்தது.

மேடமிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போய், களிம்புக் கம்பெனிக்குப் போன் போட ஆரம்பித்தார். நான் திரும்பி வரவும் தம்பி கூப்பிடவும் சரியாக இருந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்?"

"அந்தக் களிம்பைப் பூசிட்டியாடா?"

"இல்லக்கா. வண்டி ஹேண்டில் வழுக்கும்னு, ராத்திரி பூசிக்கலாம்னு வெச்சிருக்கேன்."

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாப்பாவுக்குத்தான் காலையில கழுத்துல தடவி விட்டேன். அவளுக்கும் அரிப்பு. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாங்க. நீ பாத்துப் பாஸ் பண்ணின மருந்துதானேன்னு தைரியமாப் பூசிட்டேன்."

"பாப்பா எங்கடா?"

"பள்ளிக்கூடத்துல. இன்னைக்கு விளையாட்டுப் போட்டி. காலையிலேர்ந்து மைதானத்துலதான் இருப்பா."

அக்கா பையை எடுக்க எழுந்துவிட்டாள். போனைப் பிடுங்கி நானே பேசினேன். "தம்பி, உடனே டீச்சருக்குப் போன் பண்ணு. பிள்ளையை வெயில்லேர்ந்து உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லு. கழுத்தைக் கழுவித் துணியால மூடச் சொல்லு."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றான். "பள்ளிக்கூடத்துலேர்ந்தே கால் வருது."