ஒட்டாமல் போன எலும்பு

என் முதுகெலும்பு முதல் முறை ஒட்டாமல் போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை என் மருத்துவர் சுமந்தார்... நான் சுமக்கவிட்டேன்!

மயிலாப்பூரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருபவன் நான். இடுப்பருகே ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் நழுவி, கால் மரத்து, கரும்பலகை முன் நிற்கவே இயலாத நிலை வந்தது. அடையாற்று மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு எலும்புகளையும் திருகாணியால் பிணைத்து, இடையே செராமிக் துணுக்குகளை நிரப்பப்போவதாகச் சொன்னார்.

"சாரம் கட்டற மாதிரி சார். அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க எலும்பு வளரும். ஆனா சிகரெட் கூடவே கூடாது. புகை எலும்பை வளரவிடாது."

"விட்டாச்சும்மா" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவியும் நம்பினாள்.

விடவில்லை! அறுவை சிகிச்சை முடிந்து நடமாடத் தொடங்கியதும், நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் குளத்தங்கரைச் சந்தில் இருந்த கடைக்குத்தான் போனேன்.

"இன்னா சார், இடுப்புல பெல்ட்டு கட்டிகினு தம்மா?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்... எத்தனை வெட்கங்கெட்டவன்!

வலி திரும்பியது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு வளரவில்லை, திருகாணி தளர்ந்திருந்தது.

"நன்னா ஆயிடும்னேளே டாக்டர்!" என்று மனைவி குரலை உயர்த்தினாள்.

"என் தப்புதான் மேடம். செராமிக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது" என்று அவர் தலை குனிந்தார்.

அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா? தெரியவில்லை... நான் திறக்கவில்லை.

இரண்டாம் அறுவை சிகிச்சையில், எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தையும் செராமிக்கோடு சேர்த்து வைத்தார். வீக்கம் வரலாம், வேண்டாத இடத்திலும் எலும்பு முளைக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார். ஒப்புக்கொண்டேன். அன்றோடு சிகரெட்டையும் விட்டேன். இம்முறை மெய்யாகவே!

போன வாரம் புதிய படத்தைக் காட்டினார். இரண்டு எலும்புகளுக்கும் நடுவே வெள்ளையாக, திடமாக ஒரு பாலம்!

"ஒட்டிடுச்சு சார்!" அவர் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு அப்படி ஆனதுலேருந்து எல்லாருக்குமே அந்தப் புரத மருந்தைச் சேர்த்துதான் வைக்கிறேன். செராமிக் மட்டும் போதாதுன்னு நீங்கதான் எனக்குப் புரியவச்சீங்க."

எல்லாருக்குமா? என் பொய்யை நம்பியா?

அதற்குமேல் அடக்க முடியவில்லை. கடை, புகை, பொய்... அனைத்தையும் கொட்டிவிட்டேன். மனைவி என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

மருத்துவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இப்ப எது வேலை செஞ்சுது சார்? மருந்தா, நீங்க சிகரெட்டை விட்டதா? எனக்கு இனிமே எப்படித் தெரியும்?"



ஆனாலும் சொல்கிறேன், எழுந்தபோது உடம்பு இறகாய் இருந்தது! வலி இல்லை; மறைக்கவும் எதுவுமில்லை. நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். மனைவி எனக்காக நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

செருப்பை மாட்டும்போது, அடுத்த நோயாளியிடம் மருத்துவர் கேட்பது காதில் விழுந்தது.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க டாக்டர்."

மருத்துவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.